செய்தியோடை: வேலை யார் தலையில்?

2005 அக்டோபரில் யாகூ நிறுவனம், இப்சாஸ் என்ற ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து, ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடையை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையம் பயன்படுத்துவோரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் 12 சதவீதம். தெரிந்து பயன்படுத்தியவர்கள் 4 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், இது கணினிக்காரர்களின் விளையாட்டுப் பொருள், பொதுமக்களுக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் அதே அறிக்கையில் மூன்றாவதாக ஓர் எண் உண்டு. மை யாகூ, மை எம்எஸ்என் போன்ற தொடக்கப் பக்கங்களில், தாங்கள் படிப்பது ஆர்எஸ்எஸ் வழியாக வருகிறது என்றே அறியாமல் படித்துக்கொண்டிருந்தவர்கள் 27 சதவீதம். தெரிந்து பயன்படுத்தியவர்களைப் போல ஏறக்குறைய ஏழு மடங்குப் பேர் தெரியாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். தொழில்நுட்பம் அறியாதவர்களுக்குச் செய்தியோடை கடினம் என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. யாருடைய வேலையை யார் தலையில் வைத்ததால் அது கடினமாயிற்று என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஓடைகளைத் திரட்டிக் காட்டும் ரீடர் மென்பொருளை எளிமையாக்குவது என்றதும் பொத்தான்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வாசகர் செய்யக் கூடாத வேலைகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையை அவரிடமே விட்டுவைப்பதுதான் எளிமை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அடிப்படை யோசனை மிகச் சின்னது. ஓர் இணையதளம், தான் புதிதாக வெளியிட்டவற்றின் தலைப்பு, சுருக்கம், சுட்டி, தேதி ஆகியவற்றை இயந்திரம் படிக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. வாசகரின் மென்பொருள் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக ஏதும் இருந்தால் எடுத்துவந்து காட்டுகிறது. இதன் முதல் வடிவத்தை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்த ராமநாதன் குஹா. மை நெட்ஸ்கேப் என்ற தொடக்கப் பக்கத்துக்காக அது உருவாயிற்று. பிறக்கும்போதே அது பொதுமக்கள் பார்க்கும் ஒரு பக்கத்தின் பின்னால் ஒளிந்து வேலைசெய்யும் சாதனமாகத்தான் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நெட்ஸ்கேப் அதைக் கைவிட்ட பிறகு டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் எடுத்து வளர்த்தார். 2002இல் நியூயார்க் டைம்ஸ் செய்திகள் ஓடையாக வரத் தொடங்கின, அதே ஆண்டு ஆர்எஸ்எஸ் 2.0 வெளியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 2000இல், வேறொரு குழு 1.0 என்ற எண்ணோடு முற்றிலும் வேறான ஒரு வடிவத்தை வெளியிட்டிருந்தது. எண்ணைப் பார்த்து எது எதன் வாரிசு என்று சொல்ல முடியாத நிலை. ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்துக்கே மூன்று விரிவாக்கங்கள் புழங்கின. இந்த வடிவச் சண்டையில் சலித்துப்போனவர்கள் ‘ஆட்டம்’ என்ற இன்னொரு வடிவத்தை உருவாக்கி, 2005 டிசம்பரில் அதை முறையான இணையத் தரமாகவும் ஆக்கினார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் எல்லா வடிவங்களையும் படிக்கக் கற்றுக்கொண்டதால் சண்டையின் விளைவு நடைமுறையில் பெரிதாக இல்லை. ஆனால் துறையின் ஆகச் சிறந்த மூளைகள் ஐந்தாறு ஆண்டுகள் கோப்பின் வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. அதைப் படிக்கப்போகிறவர் பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி இப்படி இருக்கிறது. ஓர் ஆரஞ்சு நிறச் சதுரம், அதற்குள் வானொலி அலைகளைப் போல வெள்ளை வளைவுகள். பயர்பாக்ஸுக்காக வரையப்பட்ட அந்தச் சின்னத்தை மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொள்ள, அதுவே பொதுச் சின்னம் ஆகிவிட்டது. இன்றும் பல தளங்களின் அடியில் காணலாம். விவரம் அறியாத ஒருவர் அதைச் சொடுக்கினால், சில உலாவிகளில் கோண அடைப்புக்குறிகளும் தேதிகளும் சுட்டிகளும் கலந்த ஒரு குவியல் திரையை நிரப்பும். சிலவற்றில் பெயர் தெரியாத ஒரு கோப்பு இறங்கத் தொடங்கும். வைரஸோ என்று பயந்து மூடிவிடுபவரைக் குறைசொல்ல முடியாது. உண்மையில் அவர் செய்ய வேண்டியது, முகவரிப் பட்டையில் உள்ளதை நகலெடுத்து, வேறொரு செயலியைத் திறந்து, அங்கே ஒரு கூட்டல் குறியைத் தேடி, ஒட்டுவது. இது அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்காது. நல்ல ரீடர்கள் தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்தாலே ஓடையைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். பக்கத்தின் நிரலில் ஓடையின் முகவரியை மறைவாக எழுதிவைக்கும் வழக்கம் 2002 முதலே உண்டு. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. வேர்ட்பிரஸில் நடக்கும் தளங்கள் இயல்பாகவே இரண்டு ஓடைகளை அறிவிக்கின்றன: ஒன்று பதிவுகளுக்கு, இன்னொன்று பின்னூட்டங்களுக்கு. ரீடர் இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும்போது, கட்டுரை படிக்க வந்தவர் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டால், அவருக்கு வந்துசேர்வது ‘அருமை’, ‘நன்றி ஐயா’ என்ற வரிகளின் ஊர்வலம். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு, ஆனால் அந்த முகவரியில் சேனலின் பெயர் இருக்காது. 24 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி இருக்கும், அதைத் தேடிப்பிடிப்பதே தனி வேலை. தமிழ்த் தளம் என்றால் தொல்லை கூடுகிறது. முகவரியில் ‘இலக்கியம்’ என்ற சொல் உள்ள ஒரு பகுப்பின் ஓடையை நகலெடுத்து ஒட்டினால், அந்த ஒற்றைச் சொல் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 81 இடங்களுக்கு நீண்டுவிடும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் முகவரிக்குள் போனால் ஒன்பது இடம் பிடிப்பதே காரணம். பார்க்கிறவருக்கு ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் தோன்றும்.

இந்த வேலைகளில் பாதியை உலாவிகள் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தன. 2004இல் வந்த பயர்பாக்ஸ் 1.0இல் ஓடையை ஒரு புத்தகக்குறியைப் போலவே சேமிக்க முடிந்தது. 2005இல் ஆப்பிளின் சஃபாரியும் 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7உம் ஓடையைப் படிக்கத் தகுந்த பக்கமாகவே காட்டின. பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. சஃபாரி 2012இல் அந்த வசதியை எடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் எடுத்தது. குரோமில் கணினிக்கென்று அப்படி ஒரு வசதி வரவே இல்லை. மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள், பழைய நிரலைப் பாதுகாப்பாகப் பராமரிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா சொன்ன காரணம். நிறுவனக் கணக்காக அது நியாயம்தான். அதை மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதை மட்டும் ஏற்க முடியாது. முகவரிப் பட்டையில் இருந்த ஆரஞ்சுச் சின்னத்தைப் பயர்பாக்ஸ் 2011இலேயே நீக்கிவிட்டிருந்தது. பொத்தானை ஒளித்துவைத்துவிட்டு, அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் எந்த வசதிதான் தேறும்? இதில் வேடிக்கை, 2021இல் கூகுளே ஆண்ட்ராய்டு குரோமில் ‘பின்தொடர்’ என்ற பொத்தானைச் சோதிக்கத் தொடங்கியது. அதன் அடியில் ஓடியது பழைய ஆர்எஸ்எஸ்தான்.

எளிமையாக்கினால் மக்கள் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு ஊகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. பதில் நடந்து முடிந்த ஒன்று. பாட்காஸ்ட் என்பது ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்புவது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் அதைக் கேட்க விரும்பியவர், ஓடையின் முகவரியை நகலெடுத்துத் தனி மென்பொருளில் ஒட்டும் அதே சடங்கைச் செய்ய வேண்டியிருந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் ஐடியூன்ஸ் 4.9ஐ வெளியிட்டபோது, சுமார் 3,000 நிகழ்ச்சிகளின் பட்டியலைச் சேர்த்து, பெயரைத் தேடினால் படத்தோடு வரும்படி செய்து, பக்கத்தில் ஒரே ஒரு பொத்தானை வைத்தது. இரண்டு நாளில் பத்து லட்சம் சந்தாக்களைத் தாண்டியதாக ஆப்பிள் அறிவித்தது. யாகூவின் அறிக்கையும் அதே ஆண்டில்தான் வந்தது. கோப்பின் வடிவமும் ஒன்றே. மாறியது ஒன்றுதான்: முகவரியைக் கையாளும் வேலை கேட்பவரிடமிருந்து நிகழ்ச்சி நடத்துபவரிடம் போய்விட்டது. அவர் தன் ஓடையின் முகவரியை ஒருமுறை பட்டியலில் பதிவுசெய்கிறார். கேட்பவர் அதைக் கண்ணால் காண்பதே இல்லை. இதில் அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்றும் உண்டு. ஆப்பிள் பட்டியலை மட்டுமே வைத்துக்கொண்டது. ஓடையும் ஒலிக்கோப்பும் நிகழ்ச்சி நடத்துபவரின் சர்வரிலேயே இருந்தன. அதனால் பின்னால் பாக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் என்று வேறு செயலிகள் வந்தபோது அதே நிகழ்ச்சிகள் அங்கேயும் தடையின்றிக் கேட்டன. 2020இல் ஸ்பாட்டிஃபை, ஜோ ரோகனின் நிகழ்ச்சியைத் தன் வீட்டுக்குள் மட்டும் பூட்டிவைத்துப் பார்த்தது. 2024இல் அந்தப் பூட்டு விலகி, நிகழ்ச்சி மறுபடி எல்லாச் செயலிகளுக்கும் வந்தது. எளிமை வேண்டுமானால் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குள் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு இருபது ஆண்டுப் பாட்காஸ்ட் வரலாறு போதும்.

தமிழ் வாசகர்களுக்கு இது வெளியூர்க் கதையும் இல்லை. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை வாங்கிப் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டியது. தேன்கூடு, தமிழ்வெளி என்று வேறு திரட்டிகளும் வந்தன. தமிழ்மணத்தில் சேர விரும்பிய வலைப்பதிவர் விண்ணப்பிக்க வேண்டும், தன் வார்ப்புருவைத் திறந்து ஒரு நிரல்துண்டை ஒட்டிக் கருவிப்பட்டையை இணைக்க வேண்டும். ஓர் அடைப்புக்குறி பிசகினால் பக்கமே குலைந்துபோகும். ஆனால் அந்தத் தலைவலி முழுவதும் எழுதுபவருடையது. படிக்க வந்தவருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு முகவரி. ஓடை என்றால் என்ன, ஆர்எஸ்எஸ் என்றால் என்ன என்று அறியாமலே, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பல ஆண்டுகள் செய்தியோடை வாசகர்களாக இருந்தார்கள். குறையும் இருந்தது. எல்லாருக்கும் ஒரே பட்டியல். தனக்குப் பிடித்த பத்துப் பேரை மட்டும் பின்தொடர நினைத்தவருக்கு அது உதவவில்லை. பொதுப் பட்டியலில் கண்ணில் பட வேண்டுமே என்று தலைப்பில் காரம் ஏற்றுவதும் நடந்தது. எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற சச்சரவுகளும் வந்தன. திரட்டி வாசகரின் எல்லாச் சுமையையும் வாங்கிக்கொண்டது, கூடவே தேர்வையும் வாங்கிக்கொண்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பிற்பாடு வந்த பல விவாதங்கள் குழம்பின.

சந்தா சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் ஒரே வாரத்தில் தலைகாட்டும். 2002இல் பிரென்ட் சிம்மன்ஸ் மேக் கணினிக்கு உருவாக்கிய நெட்நியூஸ்வயர், மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்பை எடுத்துக்கொண்டது: ஓரத்தில் தளங்களின் பட்டியல், அடுத்துத் தலைப்புகள், பிறகு கட்டுரை. ஒவ்வொரு தளத்தின் பக்கத்திலும் படிக்காதவை எத்தனை என்று ஓர் எண். அன்றைய பயனர்களுக்குப் பழகிய அமைப்பு அது, மென்பொருளும் அழகானது. அடுத்து வந்தவற்றில் பெரும்பாலானவை அதே வழியில் போயின. ஆனால் மின்னஞ்சல் நமக்கென்று ஒருவர் எழுதியது, கவனிக்காமல் விட்டால் தவறு. நேற்றைய தினசரியில் புரட்டாமல் விட்ட பக்கங்களுக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை. ரீடரோ தினசரியை மின்னஞ்சலின் முறைக்கு மாற்றி, படிக்காத ஒவ்வொன்றையும் கடனாக்கியது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால், கூகுள் அன்று நடத்திவந்த கூகுள் ரீடர் சேவை ‘1000+’ என்று காட்டும். அதற்கு மேல் எண்ணிப் பயனில்லை என்று மென்பொருளே கைவிரித்த இடம் அது. தொழில்நுட்பம் தெரிந்தவர் எல்லாவற்றையும் ‘படித்ததாகக் குறி’ என்று ஒரே அடியில் துடைத்துவிடுவார். தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று செயலியையே நீக்கிவிடுவார். எண்களே இல்லாமல், புதியது மேலே வந்து பழையது கீழே போய் மறையும் ‘செய்தியாறு’ முறையை டேவ் வைனர் தொடக்கம் முதலே வலியுறுத்திவந்தார். கடன் உணர்வு அதில் இல்லை. ஆனால் ஆற்றுக்கும் ஒரு குறை உண்டு. ஒரு நாளிதழின் தளம் நாள்தோறும் செய்திகளைக் கொட்டும், சொல்வனம் போன்ற இணைய இதழ் மாதம் இருமுறை வரும், நல்ல எழுத்தாளர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுவார். மூன்றும் ஒரே ஆற்றில் கலந்தால், யாருக்காக ரீடரை வைத்துக்கொண்டோமோ அவர்தான் முதலில் மூழ்குவார். 2019இல் வந்த ஃப்ரெய்டிகேட் என்ற சிறிய மென்பொருள் இதற்கு வேறொரு வழியைக் காட்டியது: இடுகைகளை வரிசையாக அடுக்காமல் ஆட்களை அடுக்கியது. ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவருடைய கடைசிச் சில தலைப்புகள். யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாரை எப்போதாவது பார்த்தால் போதும் என்பதை மட்டும் வாசகர் சொல்கிறார். அதிகம் பேர் அறியாத மென்பொருள்தான். ஆனால் அது கேட்ட கேள்வி சரியான கேள்வி, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு கோளாறு மௌனம். ஒரு தளம் பெயர் மாறுகிறது, அல்லது வேறு மென்பொருளுக்குக் குடிபெயர்கிறது. ஓடையின் பழைய முகவரி செத்துப்போகிறது. பல ரீடர்கள் பட்டியலில் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறியைப் போடுவதோடு சரி. சில அதுகூடப் போடுவதில்லை. வாசகர் அந்த எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் காய்ந்து, ஓராண்டில் பட்டியலில் பாதி வறண்டுவிட்டால், குற்றம் யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது. செத்த முகவரியைக் கண்டால் தளத்தின் முகப்புக்குப் போய்ப் புதிய ஓடையைத் தேடுவது, கிடைத்தால் மாற்றிக்கொள்வது, கிடைக்காவிட்டால் ‘இந்தத் தளத்திலிருந்து பத்து நாளாக எதுவும் வரவில்லை, தளமே மூடப்பட்டிருக்கலாம்’ என்று புரியும் மொழியில் சொல்வது: இவையெல்லாம் மென்பொருளால் முடிகிற காரியங்கள். சுருக்கத்தை வெட்டும்போது தமிழ் எழுத்தை நடுவில் வெட்டி, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தைத் தொங்கவிடுவதும் இதே வகை அலட்சியம். எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுவதால் வருவது அது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவர் கண்ணில் படாது.

கூகுள் ரீடரை மூடியதால்தான் எல்லாம் போயிற்று, கடினம் எளிமை என்று பேசுவதே வீண் என்பது பரவலான எதிர்வாதம். 2005இல் தொடங்கிய அந்தச் சேவையை மூடப்போவதாக 2013 மார்ச்சில் கூகுள் அறிவித்தது, ஜூலை 1 அன்று மூடியது. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஐந்து லட்சம் பேர் தன்னிடம் வந்ததாக ஃபீட்லி என்ற ரீடர் சொன்னது. இழப்பு பெரிதுதான். வேறு பல செயலிகளும் சந்தாப் பட்டியலை ஒத்திசைக்கக் கூகுள் ரீடரையே நம்பியிருந்ததால், ஒரு மரம் சாய்ந்ததில் பல கூடுகள் விழுந்தன. ஆனால் வீடு மாற ஓடிய அந்த ஐந்து லட்சம் பேரும் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் எனப்படும் கோப்பாக இறக்கி இன்னோர் இடத்தில் ஏற்றத் தெரிந்தவர்கள், அல்லது அதற்கு ஈடான வழியைக் கண்டுபிடித்தவர்கள். கூகுள் ரீடர் இருந்த எட்டு ஆண்டுகளிலும் அது அறிந்தவர்களின் கருவியாகவே இருந்தது. அதே கூகுள் அதே விலையில், அதாவது இலவசமாக, தந்த ஜிமெயில் சாதாரண மக்களிடம் போன தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். கூகுள் ரீடர் மூடப்பட்டது ஏற்கெனவே ஓடையைப் பயன்படுத்தியவர்களைச் சிதறடித்தது. மற்றவர்கள் அதற்கு முன்பும் வரவில்லை என்பதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அந்தச் சம்பவம் உண்மையில் காட்டுவது வேறு: வாசகரின் பட்டியல் ஒரே நிறுவனத்தின் அலமாரியில் மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் மனம் மாறும் நாளில் எளிமையும் சேர்ந்து போய்விடும். அதனால் பட்டியலை வெளியே எடுக்கும் வசதி அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் ஒளிந்திருக்கக் கூடாது, வாசகர் கேட்காமலே அவருடைய தொலைபேசியில் ஒரு படி தானாகச் சேமிக்கப்பட வேண்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. மக்களுக்கு ரீடரே தேவையில்லை, தேடுவது, சேர்ப்பது, அடுக்குவது எல்லாவற்றையும் சமூக ஊடகங்களும் கூகுள் டிஸ்கவரும் வாட்ஸ்அப் சேனல்களும் செய்துகொடுக்கின்றனவே என்பது அது. பாதி உண்மை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல், சந்தாவை ஒரே தட்டலாக்கியது. பாட்காஸ்ட் கற்றுத்தந்ததை அது நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரீடர் செயலி உருவாக்குபவர்கள் வெட்கப்பட வேண்டிய அளவுக்கு அதன் தொடக்கம் எளிது. ஆனால் அந்தச் சேனல் பட்டியலை எடுத்துக்கொண்டு வாசகர் வேறெங்கும் போக முடியாது. முகநூலில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ஒரு நாளிதழின் பக்கத்தை விரும்பித் தேர்ந்தவர், அதன் செய்திகள் தனக்கு வரும் என்றுதான் நினைத்தார். 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பர்க், இனி நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனப் பக்கங்கள் குறைவாகவே காட்டப்படும் என்று அறிவித்தார். வாசகர் எதையும் மாற்றவில்லை, அவர் தேர்ந்தது மட்டும் வராமல்போயிற்று. 2023 ஆகஸ்டில் கனடாவில் செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து, முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா அந்த நாட்டில் செய்திகளையே முடக்கியது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பின்தொடர்வுகள் அங்கே ஒரே முடிவில் வெறும் பெயர்களாகிப்போயின. இந்தச் சமூகத் தளங்கள் தேடும் சுமையையும் பராமரிக்கும் சுமையையும் வாங்கிக்கொண்டவை என்பது சரி. யாரைப் படிப்பது என்ற முடிவையும் சேர்த்து வாங்கிக்கொண்டன என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் தொடக்கத்தில் வெறுமையாக நிற்கும் திரையை என்ன செய்வது என்ற கேள்வி எழும். புதிதாக வந்தவரிடம் எந்தத் தளங்களைப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. ஏதாவது ஒரு பட்டியலைக் காட்டித்தான் ஆகவேண்டும். பட்டியலைத் தயாரிப்பவர் காவல்காரர் ஆகிவிடுவாரே, 2009இல் ட்விட்டர் வைத்த பரிந்துரைப் பட்டியல் சிலரைத் திடீர்ப் பிரபலங்களாக்கியதே என்று கேட்பது நியாயமான கேள்வி. தமிழ்த் திரட்டிகளின் சச்சரவும் இதே வகைதான். என் பதில், பட்டியல் ஒன்றாக இருந்தால்தான் காவல்காரர் வருகிறார் என்பது. ஒரு நூலகர் ஒரு பட்டியல் கொடுக்கலாம், ஒரு பள்ளி ஆசிரியர் ஒன்று, ஒரு விவசாய இதழ் ஒன்று. வாசகர் அதை ஒரே தட்டலில் சேர்த்துக்கொண்டு வேண்டாததை நீக்குகிறார். பிளூஸ்கை என்ற சமூக ஊடகம் 2024இல் கொண்டுவந்த தொடக்கத் தொகுப்புகள் கிட்டத்தட்ட இப்படித்தான் இயங்குகின்றன. கூகுள் ரீடரிலும் தொகுப்புகள் இருந்தன. பரிந்துரை என்பது வாசகர் பார்த்து ஏற்கும் ஒன்றாக, பெயர் போட்ட ஒருவரிடமிருந்து வருவதாக இருக்கும்வரை அது உதவி. திரைக்குப் பின்னால் தினமும் மாறிக்கொண்டிருந்தால் அது வேறு. எளிமையாக்கினால் வடிகட்டி, விசைப்பலகைக் குறுக்குவழி எல்லாம் போய்விடும் என்ற பழைய பயனர்களின் புகாருக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டியதில்லை. இன்னோரீடர் போன்றவை அவர்களுக்கென்றே இருக்கின்றன. ஒரே செயலிக்குள்ளும் அவற்றை உள்ளே தள்ளிவைக்க இடமுண்டு. முதல் திரையில் அவை இருந்தே தீர வேண்டும் என்பது மட்டும்தான் ஏற்க முடியாதது.

மிஞ்சியிருப்பது பணம். இது எல்லாவற்றிலும் கடினமானது, முழுத் தீர்வு இல்லாததும்கூட. பதிப்பிப்பவர் விளம்பரத்தில் வாழ்பவர். முழுக் கட்டுரையும் ஓடையில் போய்விட்டால் தளத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அஞ்சி முதல் இரண்டு வரியை மட்டும் அனுப்புகிறார். வாசகருக்கு அது எரிச்சல், ஆனாலும் பதிப்பிப்பவரைத் திட்டிப் பயனில்லை. பாட்காஸ்டில் விளம்பரம் ஒலிக்கோப்புக்குள்ளேயே போய்விடுவதால் இந்தச் சிக்கல் எழவில்லை. எழுத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேரூன்றவில்லை. அதனால்தான் எழுத்தாளர்கள் மின்னஞ்சல் மடலுக்குப் போனார்கள். வாசகரின் முகவரி அவர்கள் கையில் இருக்கிறது, கட்டணம் வாங்கவும் முடிகிறது. சப்ஸ்டாக் தளத்தில் வரும் மடல்களுக்கு ஓடையும் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஃபீட்பின் போன்ற சில ரீடர்கள் ஒரு மின்னஞ்சல் முகவரியையே கொடுத்து மடல்களையும் ஓடைகளோடு சேர்த்துக் காட்டுகின்றன. ரீடர் உருவாக்குபவருக்கும் வருமானம் வேண்டும். நெட்நியூஸ்வயர் இன்று திறமூலமாக, தன்னார்வலர்களின் உழைப்பில், இலவசமாகக் கிடைக்கிறது. ஃபீட்லியும் இன்னோரீடரும் கட்டணம் செலுத்தும் பயனர்களை நாடுகின்றன, அந்தப் பயனர்கள் பெரும்பாலும் தொழில்முறையில் படிப்பவர்கள், ஆகவே வசதிகளும் அவர்களை நோக்கியே வளர்கின்றன. சாதாரண வாசகருக்காக யார் செலவழிப்பது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. தமிழைப் பொறுத்தவரை செலவு நினைப்பதைவிடக் குறைவு. புதிதாக ஒரு செயலி எழுத வேண்டியதில்லை, திறமூல ரீடர்கள் ஏற்கெனவே பல உண்டு. இல்லாதது, உயிரோடு இருக்கும் தமிழ்த் தளங்களின் பட்டியல்: எது பதிவுகளின் ஓடை, எது பின்னூட்டங்களின் ஓடை என்று சரிபார்த்து, செத்தவற்றை நீக்கி, பொருள்வாரியாகப் பிரித்து, எந்த ரீடரும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாக மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவது. தமிழ் இணையக் கல்விக்கழகமோ, ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையோ, ஒரு பொது நூலகமோ ஏற்றுக்கொண்டால், வாரத்தில் சில மணி நேர உழைப்பில் நடத்தக்கூடிய காரியம் இது.